அவங்க செஞ்சு ஜெயிச்சாங்க, நாமும் செய்யலாமா? சிறந்த நடைமுறைகள் பற்றிச் சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு மாடி அறை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சேகோ ஆலைக்காரர்கள் (மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்பவர்கள்), வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் காப்பித் தோட்டக்காரர்கள், சின்ன மருத்துவமனைகளை நடத்துபவர்கள் என்று இருபது முப்பது பேர் அங்கே கூடுகிறோம். ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 வருடம் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் கேள்விகள் பெரும்பாலும் என் பக்கம்தான் வரும். முகங்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

"பெஸ்ட் பிராக்டீஸ், பெஸ்ட் பிராக்டீஸ்னு எல்லாரும் சொல்றாங்க. அது என்னங்க, கவர்மென்ட் ரூலா?"

ரூல் இல்லை. ஒரே வேலையைப் பல இடங்களில் பல பேர் செய்து பார்த்ததில் ஒரு முறை திரும்பத் திரும்ப நல்ல பலன் கொடுத்திருந்தால், அதைத்தான் சிறந்த நடைமுறை என்கிறோம். கடைப்பிடிக்காவிட்டால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். சட்டம் வேறு. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஜவ்வரிசியை வெள்ளையாகக் காட்ட அனுமதியில்லாத ரசாயனத்தைச் சேர்க்கக் கூடாது. அதில் யோசிக்க இடமே கிடையாது. ஐ.எஸ்.ஓ. 9001 மாதிரியான தரச்சான்று மூன்றாவது வகை. எடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் பெரிய கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கப் போனால் கேட்பார்கள்.

இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. யாரோ சொன்ன யோசனையைச் சட்டம் மாதிரி கட்டிக்கொண்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தையே யோசனை மாதிரி எடுத்துக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகம் ஆபத்தானது.

"முடிவு எடுக்கறது நான். நடுவுல இந்த நடைமுறைக்கு என்ன வேலை?"

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலை. சாயங்காலம் நாலு மணி, களம் முழுக்க ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருக்கிறது. மேற்கே மேகம் கறுக்கிறது. மேஸ்திரி முதலாளிக்குப் போன் போடுகிறார். முதலாளி சேலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இருக்கிறார், மேளச் சத்தத்தில் மணி கேட்கவில்லை. மேஸ்திரி திரும்பப் போடுகிறார். அள்ளச் சொல்லி மழை வராமல் போனால் அரை நாள் கூலி வீண், திட்டு விழும். அள்ளாமல் மழை வந்தால் சரக்கு போகும், அப்போதும் திட்டு விழும். அவர் மூன்றாவது தடவை போன் போடும்போது முதல் துளி விழுந்தது. அன்று களத்திலிருந்த மாலில் பாதி, பசை பிடித்துக் கட்டி கட்டியாகிவிட்டது.

அடுத்த வாரம் அந்த முதலாளி ஒரே ஒரு வரி எழுதிக் களத்துச் சுவரில் ஒட்டினார்: மேற்கே மேகம் கட்டினால் என்னைக் கேட்காமல் அள்ளு, மழை வராவிட்டாலும் அந்தக் கூலி என் கணக்கு. இந்த ஒரு வரி செய்த வேலையைப் பாருங்கள். யார் முடிவெடுப்பது என்பது முதலாளியிடமிருந்து மேஸ்திரிக்கு மாறியது. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பது முதலாளி முகத்திலிருந்து மேகத்துக்கு மாறியது. தவறினால் யார் தலையில் விழும் என்ற பயமும் போயிற்று. முடிவை முதலாளிதான் எடுத்தார்; ஆனால் பதற்றமில்லாத ஒரு நாளில், நிதானமாக, முன்கூட்டியே எடுத்துவிட்டார்.

"எங்கப்பா காலத்துல ஒரு பேப்பர் கிடையாது. ஆலை ஜம்முனு ஓடுச்சே?"

ஓடியது, நானும் பார்த்திருக்கிறேன். பழைய ஆட்கள் காயும் ஜவ்வரிசியில் ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிப்பார்கள். நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். நறுக்கென்று உடைந்தால் அள்ளலாம். அதுவும் சிறந்த நடைமுறைதான், எழுத்தில் இல்லை, அவ்வளவே. உங்கள் அப்பாவிடம் நடைமுறை இல்லாமல் இல்லை. அது அவர் பல்லிலும் விரல் நுனியிலும் இருந்தது. அவர் கட்டிலில் படுத்த அன்றைக்கு அதுவும் படுத்துவிடும் என்பதுதான் சிக்கல்.

திறமை இருந்தால் எழுத்து எதற்கு என்று கேட்பவர்களுக்கு 1935 அக்டோபர் 30ஆம் தேதி நடந்ததைச் சொல்வேன். அமெரிக்காவில் போயிங் செய்த நான்கு இன்ஜின் குண்டுவீச்சு விமானத்தை, அனுபவம் மிகுந்த ராணுவ விமானி ஒருவர் சோதனைக்காக ஓட்டினார். தரையில் நிற்கும்போது காற்றில் வால் சிறகு ஆடாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் எடுத்துவிடவில்லை. மேலே ஏறிய விமானம் விழுந்து எரிந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாக விமானிகள் கையில் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த விமானிக்குத் திறமையில் குறை இல்லை. ஒரே நேரத்தில் நினைவு வைக்க வேண்டியவை மனிதத் தலைக்கு மேல் போய்விட்டன.

"செக்லிஸ்ட் குடுத்தா ஆளுங்க யோசிக்கறதையே விட்டுற மாட்டாங்களா?"

எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் தந்தது. நோயாளி பெயர் சரியா, எந்தப் பக்கம் அறுக்கிறோம், மருந்து ஒவ்வாமை உண்டா, துணி எண்ணியாயிற்றா என்று போகும். புது தில்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் இறங்கின. காகிதத்தில் ஒரு பக்கம்தான். உயிர்கள் மிஞ்சின.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் சொன்னவளாவேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே பட்டியல் நடைமுறைக்கு வந்ததை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். அங்கே மரணம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஏன் என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. நான் நம்பும் காரணம், இங்கேயே கண்ணால் பார்த்தது. ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்து நோயாளி வார்டுக்குப் போன பிறகு, நர்ஸ் தங்கச்சி ஒருத்தி மேசையில் உட்கார்ந்து 19 கட்டத்திலும் வரிசையாக டிக் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைல் முழுசாக இருக்கிறதா என்றுதான் அவளிடம் கேட்பார்கள். வெட்டுவதற்கு முன் டாக்டரை ஒரு நிமிடம் நிறுத்தி, "சார், எந்தக் கால்?" என்று கேட்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலின் பலன் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

"ஐ.எஸ்.ஓ. சர்டிஃபிகேட் மாட்டியிருக்கோம். அது போதாதா?"

நீங்கள் சொன்னதைச் செய்கிறீர்களா என்பதை அது சோதிக்கும். நீங்கள் சொன்னது சரியான முறைதானா என்பதை உங்களுக்காக அது தேர்ந்தெடுத்துத் தராது. மேலே சொன்ன டிக் விவகாரம் சான்றிதழுக்கும் பொருந்தும்.

"கர்நாடகாவுல பெரிய எஸ்டேட்டுக்காரங்க ஒரு முறை வெச்சிருக்காங்க. அதை அப்படியே ஏற்காட்டுல செஞ்சா என்ன தப்பு?"

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு தோட்டத்துக்கு யோசனை சொல்லப் போனபோது, சிக்மகளூர்ப் பக்கத்தில் காப்பியைக் காய வைக்கும் முறையை எடுத்துக் கொடுத்தேன். கழுவிய பார்ச்மென்ட் காப்பியை (பழத்தோல் நீக்கி, உள்ளுறையோடு இருக்கும் கொட்டை) இத்தனை நாள் களத்தில் போடு, இத்தனை மணிக்கொரு தரம் கிளறு, அப்புறம் மூட்டை கட்டு என்று இருந்தது. நல்ல வெயிலில் ஏழிலிருந்து பத்து நாளில் காயும் என்பது உண்மைதான். அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிட்டு, அறுவடை நேரத்தில் பெரும்பாலும் வானம் தெளிந்துவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சியில் இருக்கிறது. இங்கே பழம் பறிக்கத் தொடங்கும்போதுதான் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் ஏற்காட்டுக் களத்தில் காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் விலகாத நாட்கள் உண்டு. பத்து நாள் என்று எழுதியிருந்ததை நம்பி பதினோராவது நாள் மூட்டை கட்டினார்கள். கிடங்கில் பூஞ்சை வாடை அடித்தது. நஷ்டம் அவர்களுடையது, பொறுப்பு என்னுடையது.

அந்த முறையின் உயிர் நாட்கணக்கில் இல்லை. பார்ச்மென்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அதுதான் உயிர். சிக்மகளூர் வெயிலில் அதற்குப் பத்து நாள் ஆகும் என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. நான் அளவை விட்டுவிட்டு நாளை நகல் எடுத்தேன். இப்போது அந்தத் தோட்டத்தில் ஈரப்பத மீட்டர் சொன்னால்தான் மூட்டை.

இன்னொன்றும் உண்டு. ஜெயித்தவரைப் பார்த்து முறையை எடுக்கிறோம். அதே முறையைச் செய்து தோற்றவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. தோற்றவரைக் கூட்டம் போட்டுப் பேசக் கூப்பிடுவது யார்?

"அப்ப எதை எடுக்கறது, எதை விடறது? ஒரு வழி சொல்லுங்க மேடம்."

மூன்று விஷயம் கேளுங்கள். அவர்கள் இதை ஏன் செய்யத் தொடங்கினார்கள்? அங்கே இருந்து நம்மிடம் இல்லாதது என்ன? பலிக்கிறது அல்லது பலிக்கவில்லை என்பது நமக்கு எத்தனை நாளில், எதை அளந்தால் தெரியும்? மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

நம் மாநிலத்திலிருந்தே ஓர் உதாரணம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, தரம் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் இருக்கும். அதில் இருக்கும் தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு என்பதை அந்த மருத்துவமனையே முடிவு செய்து எடுத்துக்கொள்ளும். கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் நகல் எடுப்பது லேசு. வாங்குவது ஒரே கையில், தேவையைச் சொல்வது மருத்துவமனை கையில், சோதிக்காமல் எதுவும் நகராது என்ற அந்த முடிச்சை எடுத்துப் போவதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த நடைமுறையைப் பார்த்தாலும் முடிச்சு எங்கே என்று தேடுங்கள்.

"நாங்க கொலுசுப் பட்டறை. எங்களுக்கு வேற தொழில்ல இருந்து கத்துக்க என்ன இருக்கு?"

ஜெராக்ஸ் கம்பெனி தன் கிடங்கில் சாமான் எடுத்து அனுப்புவது தாமதமாகிறதென்று யாரிடம் பாடம் கேட்டது தெரியுமா? எல்.எல்.பீன் என்ற துணிமணி, செருப்பு தபாலில் விற்கும் கம்பெனியிடம். தொழில் வேறு, கிடங்கில் நடக்கும் வேலை ஒன்றே.

உங்கள் பட்டறைக்கு வங்கியின் காசாளர் மேசையிலிருந்து ஒன்றை எடுக்கலாம். பணம் கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேரும் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். கம்பி இழுப்பவரிடமிருந்து பற்றவைப்பவருக்கு, அங்கிருந்து மெருகுக்கு என்று வெள்ளி போகும்போது கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கண்ணெதிரில் எடை போட்டு எழுதிவிடுங்கள். பட்டறையைப் பெருக்கிய தூசியைக்கூட வீசாத தொழில் இது. எடை குறைந்தால் அன்று சாயங்காலம் யார் எடுத்தது என்ற பேச்சு வந்துவிடும். கை மாறும் இடமெல்லாம் எடை இருந்தால், எந்த வேலையில் சேதாரம் கூடியது என்று கேட்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் இப்படிச் செய்த முதல் மாதமே, அதுவரை சந்தேகப்பட்ட பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தெரிந்தது. மெருகு போடும் இடத்தில்தான் வெள்ளி கழிந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் அன்று எடைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் மறக்கவில்லை.

"எஸ்.ஓ.பி. எழுதி லேமினேட் பண்ணி மாட்டியாச்சு. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கறதில்லை. என்ன செய்ய?"

எஸ்.ஓ.பி. என்பது ஒரு வேலையைச் செய்யும் முறையைப் படிப்படியாக எழுதிய தாள். அதை எழுதியது யார்? பெரும்பாலும் ஆபீசில் இருந்த ஒருவர், அல்லது வெளியிலிருந்து காசு கொடுத்து வரவழைத்த என்னைப் போன்ற ஒருத்தி. வேலை செய்கிறவரைக் கேட்காமல் எழுதிய தாளை, வேலை செய்கிறவர் ஏன் பார்க்க வேண்டும்?

ஏற்காட்டில் அராபிகா வகைக் காப்பிச் செடிகளுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் பெரிய எமன். தோட்டத்தில் போரர் என்பார்கள். வண்டு ஏப்ரல்-மேயிலும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வெளியே பறந்து முட்டையிடும். அதற்கு முன்பே, மார்ச்சிலும் செப்டம்பரிலும் புழு இருக்கும் செடிகளைத் தேடிப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. ஒரு தோட்டத்தில் மாட்டியிருந்த தாளில், "பாதிக்கப்பட்ட செடிகளை அடையாளம் காணவும்" என்று இருந்தது. எப்படி அடையாளம் காண்பது? இலை மஞ்சளான செடியைத்தான் புது ஆட்கள் பிடுங்கினார்கள். இலை மஞ்சளாவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அங்கே முப்பது வருடமாக வேலை செய்யும் அம்மா ஒருவர், குனிந்து தண்டின் அடியில் கட்டைவிரலை வைத்து மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே வருவார். உள்ளே புழு குடைந்த இடத்தில் பட்டை லேசாக வரம்பு கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். என் கட்டைவிரலைப் பிடித்து அந்த வரம்பில் வைத்து, "இதா, இங்க பாரு கண்ணு" என்றார். ஒரு மாட்டுவண்டித் தடம் மாதிரி இருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தாளைத் திருத்தி எழுதினோம்: அடியிலிருந்து இடுப்பு உயரம் வரை கட்டைவிரலால் தடவு, வரம்பு தட்டுப்பட்டால் சிவப்புத் துணி கட்டு, பிடுங்கலாமா என்பதை மேஸ்திரி பார்த்துச் சொல்லட்டும். அந்தத் தாளை அவர்கள் படிக்கிறார்கள், அது அவர்கள் வார்த்தை.

"எழுதறதெல்லாம் சரிங்க. ஆளுங்க சரியில்லையே! இவங்களை வெச்சுக்கிட்டு என்ன நடைமுறை?"

கூட்டத்தில் கைதட்டு வாங்கும் கேள்வி இது. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஆலை வைத்திருந்தது. வேலைக்கு வராத ஆட்கள், ஓயாத தகராறு, ஓட்டை உடைசலான கார்கள். 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தபோது ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. தொழிற்சங்கமும் அதே சங்கம். கொஞ்ச காலத்தில் அந்த ஆலை தரத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் முதல் வரிசைக்கு வந்தது. கோளாறு கண்ட தொழிலாளி தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுத்தால், மேற்பார்வையாளர் ஓடிவந்து "எப்படி உதவட்டும்" என்று கேட்பார். தேவைப்பட்டால் லைனே நிற்கும். நிறுத்தும் முடிவு முன்பு மேலதிகாரியிடம் மட்டும் இருந்தது.

இதே முறையைத் தன் மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் பட்ட பாடு கொஞ்சமில்லை. கயிற்றைக் கட்டுவது எளிது. இழுத்தவனைத் திட்டாமலிருப்பது கஷ்டம். ஆத்தூர் ஆலைச் சுவரில் எழுதிய வரியில் இரண்டாம் பாதிதான், "அந்தக் கூலி என் கணக்கு" என்பதுதான், முக்கியம் என்று நான் சொல்வதும் இதனால்தான். நம்மால் ஆகாது என்பவர்களுக்கு: சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன் 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கிய கம்பெனி அதுதான். அங்கே வேலை பார்த்தவர்களும் நம் ஊர் ஆட்கள்தானே.

"எழுதி வெச்சதை மீறினாத்தான் நல்லதுன்னு சில நேரம் கண்ணுக்கே தெரியுது. மீறலாமா?"

தவறினால் திரும்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். உயிர், சாப்பிடும் பொருளின் பாதுகாப்பு, தீ, மின்சாரம் இவற்றில் மீறவே கூடாது. நடைமுறை தவறு என்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். மற்ற இடங்களில் மீறலாம், ஒரு நிபந்தனையோடு: மீறுவதற்கு முன் என்ன, ஏன் என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். பிறகு எழுதினால் மனம் நமக்குச் சாதகமாகக் கதை கட்டும்.

அந்த இரண்டு வரிகளைச் சேர்த்து வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை படியுங்கள். ஒரே இடத்தில் நாலு பேர் நாலு தடவை மீறியிருந்தால், நடைமுறையைத் திருத்தும் நேரம் வந்துவிட்டது.

"எங்க கொள்முதல் ஆளு சாம்பிள் பார்க்காம ரெண்டு லோடு கிழங்கு வாங்கினான். ரெண்டும் நல்ல பாயிண்ட். லாபம். இவனைத் திட்டறதா, பாராட்டறதா?"

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக: மரவள்ளிக் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குவதில்லை, அதிலுள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து விலை போடுவார்கள். மழைக்குப் பிறகு வெட்டிய கிழங்கில் தண்ணீர் ஏறிப் பாயிண்ட் இறங்கியிருக்கும். அதனால் லாரியில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் சாம்பிள் எடுப்பது நல்ல ஆலைகளின் வழக்கம்.

பாராட்டாதீர்கள். பலன் நல்லதாக வந்ததால் முடிவு நல்லதாகிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு நாலு ரோட்டுச் சந்தியைத் தாண்டியவனும் சில நாள் வீடு வந்து சேர்வான். நீங்கள் அவனைப் பாராட்டினால் மற்ற மூன்று கொள்முதல் ஆட்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாம்பிள் எடுக்கும் பத்து நிமிடம் வெட்டி என்று அன்றே முடிவாகிவிடும். ஆனால் திட்டுவதற்கு முன் கேளுங்கள், ஏன் எடுக்கவில்லை என்று. இதே கேள்வியைக் கேட்ட ஒருவர் திரும்பிப் போய் விசாரித்தபோது, கிழங்கைப் பார்த்தாலே தனக்குச் சத்து தெரியும் என்று அந்தப் பையன் நம்பியது தெரிந்ததாம். தோல் உரித்து நகத்தால் கீறிப் பார்த்திருக்கிறான். அவர் அவனை விட்டே பத்து லோடை முதலில் நகத்தாலும் பிறகு பாயிண்ட் பார்க்கும் தராசிலும் பார்க்கச் சொன்னார். ஏழு ஒத்துப் போயிற்று, மூன்று போகவில்லை. இப்போது அவனே சாம்பிள் எடுக்கிறான்.

நேர்மாறும் உண்டு. நடைமுறைப்படி எல்லாம் செய்தும் நஷ்டம் வந்தால், செய்தவர் மேல் பாயாதீர்கள். பாய்ந்தால், அடுத்த முறை நஷ்டத்தை மறைப்பார்கள்.

"ரெண்டு நல்ல நடைமுறை ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா?"

அடிக்கடி முட்டும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பக்குவத்தில் வெட்டி விற்றுக் கடனை அடை என்பது நல்ல கணக்கு. அராபிகாவுக்கு நிழல் குறையக் கூடாது என்பது நல்ல விவசாயம்; வெயில் அதிகம் விழும் செடியைத்தான் மேலே சொன்ன போரர் வண்டு விரும்பித் தேடும். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது எது பெரிது என்று யோசித்தால் மரம்தான் விழும். எனவே வரிசையை முன்பே எழுதிவிடுங்கள். நான் சொல்லும் வரிசை: ஆள் உயிர், சாப்பிடுபவர் உடல், செடியும் இயந்திரமும், தரம், நேரம், இந்த மாதத்துக் காசு. உங்கள் வரிசை வேறாக இருக்கலாம், ஆனால் ஒன்று இருக்க வேண்டும்.

"எல்லாரும் ஒரே மாதிரியே செஞ்சா புதுசு எங்கிருந்து வரும்?"

ஒரே மாதிரி செய்யும் இடத்தில்தான் புதியது கண்ணுக்குத் தெரியும். சேகோ ஆலையில் பத்துத் தொட்டியில் பத்து விதமாக மாவு படியவிட்டால், எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதை ஒரே மாதிரி வைத்து, ஒன்றில் மட்டும் புதிதாகச் செய்து பாருங்கள். தோட்டமென்றால் ஒரு பிளாக்.

"அக்கா, நான் எம்.பி.ஏ. முடிச்சுட்டு எங்க ஆலைக்கு வந்திருக்கேன். பெரியப்பா சொன்னதுதான் சட்டம். ஏன்னு கேட்டா எதிர்த்துப் பேசறேன்னு நினைக்கறாங்க. நான் என்ன செய்யறது?"

மாற்றச் சொல்லி ஆரம்பிக்காதே அம்மா. "பெரியப்பா, இதை ஏன் இப்படிச் செய்யறோம்னு எனக்குச் சொல்லிக் குடுங்க, எழுதி வெச்சுக்கறேன்" என்று நோட்டோடு போய் உட்கார். அப்பாக்கள் காலத்து நடைமுறை பற்றி மேலே சொன்னேன் அல்லவா, அதைத்தான் எழுதப் போகிறாய். முறையை மட்டும் எழுதாதே. பக்கத்தில் காரணம் என்று ஒரு கோடு கிழித்து அதையும் நிரப்பு. பெரியவர்களுக்குத் தங்கள் வழக்கத்தைக் கேள்வி கேட்டால் கோபம் வரும், தங்கள் அனுபவத்தைக் கேட்டால் காப்பி வரவழைத்துக் கொடுத்துச் சொல்வார்கள்.

இந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டோடு வந்தாள். அதில் ஒரு வரி: "இருட்டின பிறகு வரும் லோடை இறக்கக் கூடாது." பக்கத்துக் கோட்டில் காரணம்: "ராத்திரி அரைவை கிடையாது. கிழங்கு காலை வரை கிடந்தால் கறுக்கும், மாவு நிறம் கெடும்." அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாராம். அந்த ஆலையில் ராத்திரி ஷிப்ட் தொடங்கி நாலு வருடமாகிறது. அந்த வரியைப் பெரியப்பாவே பேனாவை வாங்கி அடித்து, கீழே தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "ராத்திரி அரைவை ஓடும் நாளில் இறக்கலாம். கேட் ஆளுக்குச் சொல்லவும்."